பினாங்கில் விசித்திரமான கதையுள்ள இடங்கள்: ஊர்க்காரர்கள் சொல்லுங்களேன்

செந்தூல்காரி:

வணக்கம். பள்ளி விடுமுறைக்குத் தேவகோட்டையிலிருந்து சித்தப்பா, சின்னம்மா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். கோலாலம்பூரில் (கே.எல்.) எங்கே கூட்டிப் போவது என்று எனக்குத் தெரியும். பினாங்குதான் இடிக்கிறது. நான் அங்கே போனால் நாசி கண்டார் சோறு சாப்பிடுவேன், கொடிமலை ஏறுவேன், ஆர்மீனியன் தெரு சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

சித்தப்பா ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். எதைக் காட்டினாலும் "யார் கட்டினது, எதுக்குக் கட்டினது" என்று குடைவார். பிள்ளைகளுக்குக் கதை சுவாரசியமாக இல்லையென்றால் கை தானாகப் போனுக்குப் போய்விடும். இரண்டு தரப்புக்கும் பிடிக்கிற மாதிரி, "அட, இதுக்குப் பின்னால இப்படி ஒரு கதையா" என்று சொல்ல வைக்கிற இடங்கள் வேண்டும். கோயில் பட்டியல் வேண்டாம், தண்ணீர்மலை முருகன் கோயில் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் ஆட்கள் உதவுங்கள்.

துறைமுகத்தார்:

தங்கச்சி, வாத்தியார் வருகிறார் என்றால் முதலில் விஸ்மா கஸ்தமுக்குக் கூட்டிப் போங்கள். வெல்ட் கீ கடலோரச் சாலைப் பக்கம், சைனா ஸ்ட்ரீட் காட் முனையில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிற பெரிய வெள்ளைக் கட்டடம். இப்போது சுங்கத்துறை அலுவலகம். ஆனால் 1907-இல் அதை ரயில்வேக்காரர்கள் கட்டியது ரயில் நிலையமாக. உங்கள் கே.எல். பழைய ரயில் நிலையத்தை வரைந்த ஹப்பேக் துரைதான் இதையும் வரைந்தார். எல்லாம் சரி, தண்டவாளம் மட்டும் கிடையாது. பிடுங்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், என்றைக்குமே கிடையாது.

இது தீவு. ரயில் அக்கரையில் பிறை என்ற ஊரோடு நின்றுவிடும். அதனால் இங்கே டிக்கெட் எடுத்து, மூட்டை முடிச்சோடு ஃபெரி ஏறி, பிறையில் இறங்கிப் பெட்டியில் உட்கார வேண்டும். எங்கள் அப்பா துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகில் வேலை பார்த்தவர். ஈப்போவுக்குப் பெண் பார்க்கப் போனபோது இந்தக் கட்டடத்தில்தான் டிக்கெட் வாங்கினாராம். ஃபெரியில் தண்ணீர் தெறித்து வேட்டி நனைந்துவிட்டது, ஈப்போ போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிட்டது, ஆனால் உப்புக்கறை போகவில்லை என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அதே கட்டடத்துக்கு வேறு வேலையாகப் போய்வந்தவன். ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. சரக்கு இறங்கினால் கே1 என்கிற சுங்கப் பாரத்தைத் தட்டச்சு செய்து, கார்பன் பிரதிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மழை வந்தால் பாரம் சட்டைக்குள் போய்விடும், மாலையில் பனியனில் பார்த்தால் கப்பல் பெயர் தலைகீழாக ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்கும்போது வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் கையில் வரைபடத்தோடு வந்து "பிளாட்பாரம் எங்கே" என்று கேட்பார்கள். எங்கள் ஆள் ஒருவன் கடலைக் கைகாட்டி, "நேரே போ, மூணு கிலோமீட்டர்" என்பான்.

உள்ளே அரசாங்க அலுவலகம், சும்மா சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் போதும்.

அங்கிருந்து கோட்டைப் பக்கம் நடந்தால் வழியில் விக்டோரியா ராணி மணிக்கூண்டு வரும். ராணி பட்டத்துக்கு வந்து 60 வருடம் ஆனதைக் கொண்டாட 1897-இல் சியா சென் இயோக் என்ற சீனக் கோடீஸ்வரர் சொந்தப் பணத்தில் கட்ட ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்து உயரம் சரியாக 60 அடி. வேலை முடிந்தது 1902-இல். ராணியோ 1901 ஜனவரியிலேயே கண்ணை மூடிவிட்டார். பிறந்தநாள் கேக் வந்து சேர்ந்தபோது பிறந்தநாள்காரி இல்லை. அப்புறம் போர்க்காலத்தில் பக்கத்தில் குண்டு விழுந்து மணிக்கூண்டு லேசாகச் சாய்ந்துவிட்டது. சும்மா பார்த்தால் தெரியாது. நேராக நிற்கிற விளக்குக் கம்பம் ஒன்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கோட்டை, ஃபோர்ட் கார்ன்வாலிஸ். வாத்தியாருக்கு அந்தப் பெயரே போதும். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனாரே, அதே கார்ன்வாலிஸ் பிரபு. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்ததும் அவரேதான். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்த பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது நிபோங் பனைமரத்தால் வேலி போட்டார்கள், செங்கல் கோட்டை பிறகு வந்தது. செங்கல்லைச் சுமந்ததில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் உண்டு. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோட்டை ஒரு சண்டை கூடப் பார்த்ததில்லை. அகழிகூட எதிரிக்குப் பயன்படவில்லை, கொசுவுக்குத்தான் பயன்பட்டது. மலேரியா பரவி 1920-களில் அதை மூடினார்கள்.

கோட்டைக்குள் லைட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1936-இல், 150-ஆவது ஆண்டுக்குச் செய்தது. சிற்பிக்கு முகம் வேண்டுமே, லைட்டின் படம் ஒன்றுகூட அகப்படவில்லை. மகன் வில்லியம் லைட்டின் சாயலை எடுத்து அப்பாவுக்கு வைத்துவிட்டார்கள். அந்த வில்லியம்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை அமைத்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சிலையை எடுத்துப் போட்டார்கள். அப்புறம் அது திரும்பி வந்தது, இடுப்பு வாள் வரவில்லை.

கவனித்தீர்களா, எங்கள் ஊர்ச் சின்னங்களுக்கு ஒரு குணம் உண்டு. எது முக்கியமோ அதுதான் இருக்காது. தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன், சண்டை இல்லாத கோட்டை, சொந்த முகம் இல்லாத துரை. பிள்ளைகளிடம் "இங்கே என்ன இல்லை, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், போனை எடுக்கமாட்டார்கள்.

செந்தூல்காரி:

அண்ணே, இதுதான் வேண்டும். வேட்டி கதையைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். இரண்டு கேள்வி. கோட்டையில் ஒரு பீரங்கிக்குப் பூ வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? பிரான்சிஸ் லைட் காட்டுக்குள் வெள்ளிக்காசைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார் என்பது நடந்ததா? சித்தப்பா ஆதாரம் கேட்பார்.

சூலியா தெரு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். துறைமுகத்தார் அண்ணன் கடற்கரையோடு நின்றுவிட்டார், நான் உள்ளே கூட்டிப் போகிறேன். அண்ணன் கணக்குப்படி "முக்கியமானது இல்லாத" இடம் எங்கள் தெருவிலும் ஒன்று இருக்கிறது.

சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் நாகூர் தர்கா. 1800-களின் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் கட்டியது. தர்கா என்றால் உள்ளே பெரியவர் அடக்கமாகியிருக்க வேண்டும் அல்லவா? இங்கே அடக்கம் கிடையாது. ஷாகுல் ஹமீது பாதுஷா நாயகம் இருப்பது நாகூரில். கடலில் போகிறவர்களுக்குக் காவல் என்று அவரை நம்பித்தான் நம் பக்கத்து மரைக்காயர்கள் பாய்மரம் ஏறினார்கள். இக்கரை வந்து சேர்ந்ததும் நன்றிக்கு ஒரு நினைவிடம் கட்டினார்கள். சின்னக் கட்டடம்தான், வெளிச்சுவரை ஒட்டிக் கடைகள் இருப்பதால் பாதிப் பேர் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். பச்சை வண்ணமும் மூலைகளில் குட்டி மினாராக்களும் அடையாளம். தேவகோட்டைக்காரர்களுக்கு நாகூர் தெரியாமல் இருக்காது, அங்குள்ள மினாராக்களை மனதில் வைத்துக்கொண்டு வந்து இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து நடந்தே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயர் தலைமையில் எழுந்தது. அவர் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான், கம்பெனி துரைமார் அவரிடம்தான் பேசுவார்கள். அதே சாலையில் குவான் யின் கோயிலும் 1818-இல் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் உண்டு. பக்கத்துக் குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். பட்டியல் வேண்டாம் என்றீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

வெயில் ஏறினால் பள்ளிவாசல் எதிரே ஐந்தடி நடைபாதையில் நில்லுங்கள். நாசி கண்டாருக்கு எந்தக் கடை என்று இங்கே கேட்காதீர்கள், திரி சண்டையில் முடியும்.

புடுவாசி:

பினாங்குக்காரர்கள் பேச ஆரம்பித்தால் வேறு ஊரே கிடையாது. கே.எல்.லில் இல்லாததா? புடு சிறைச்சாலை 1895-இல் கட்டியது. வெளிச்சுவரில் கைதி ஒருவர் வரைந்த ஓவியம் ஏறக்குறைய 260 மீட்டர் நீளம். 1996-இல் சிறையை மூடினார்கள், அப்புறம் இடித்தார்கள், ஓவியமும் சுவரோடு போயிற்று. இப்போது அந்த இடத்தில் 2022-இல் திறந்த பேரங்காடி. பழைய வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கவே பயப்படுவார்கள், இப்போது பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு நிற்கிறார்கள்.

இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் குதிரைப் பந்தயத் திடல். முதலில் குறித்த இடத்தில் நிலத்தடியில் பாதி பாறை, பாதி இளகிய மண் என்று தெரிந்ததும் இரண்டு கோபுரத்தையும் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். பத்துமலைக் குகையில் கோயில் வருவதற்கு முன்னால் சீனர்கள் வௌவால் எச்சத்தை அள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு உரம் போட்டார்கள். படியேறும்போது சித்தப்பாவிடம் சொல்லுங்கள், மூச்சு வாங்குவது மறந்துபோகும்.

துறைமுகத்தார்:

புடுவாசி தம்பி சொன்ன சிறை வாசல் நல்ல இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடித்துவிட்டு வாசலை மட்டும் வைப்பது வேறு, கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறு வேலை வாங்குவது வேறு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஹப்பேக் துரை வந்து பார்த்தால் விஸ்மா கஸ்தமை அடையாளம் தெரியும். புடு வாசலுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியாது.

தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். வெள்ளிக்காசுக் கதை ஊர்ப்பேச்சு. காட்டை வெட்டக் கூலிகள் தயங்கினார்கள், லைட் காசைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டே போனார்கள் என்பார்கள். வாத்தியாரிடம் கதை என்றே சொல்லுங்கள். என் சந்தேகம், கம்பெனி காசை அப்படி வாரி இறைக்கிற துரையை நான் கேள்விப்பட்டதில்லை.

பீரங்கி நிஜம். பெயர் ஸ்ரீ ரம்பாய். வார்த்த வருடம் 1603 என்று அதன்மேலேயே பொறித்திருக்கிறது, விரலால் தடவிப் பார்க்கலாம். டச்சுக்காரன் ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தான். அச்சேக்காரர்கள் படையெடுத்து வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து சிலாங்கூருக்குப் பரிசாகப் போனது. 1871-இல் ஆங்கிலேயர் கோலசிலாங்கூர்க் கோட்டையைத் தாக்கி இதைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். கொஞ்ச காலம் கடலுக்கடியில் கிடந்தது, அப்புறம் ஓர் இளவரசர் சொன்ன சொல்லுக்குத் தானாக மிதந்து வந்தது என்பது மறுபடியும் ஊர்ப்பேச்சு. டன் கணக்கில் வெண்கலம் மிதக்காது. ஆனால் குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் குழாய்க்குள் பூ வைத்து வேண்டிக்கொள்வது நான் கண்ணால் கண்டது. ஒரு தரம் மல்லிகைச் சரம், இன்னொரு தரம் சீன ஊதுபத்தி, வாழையிலையில் சுருட்டின ஏதோ ஒன்று. மலாய், சீனம், தமிழ் எல்லாம் ஒரே குழாய்க்குள். சண்டைக்கு வார்த்த சாமான் கடைசியில் பிள்ளை வரம் கொடுக்கிறது.

இப்போது இரண்டு இடம், யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்காகவே சொல்கிறேன்.

ஒன்று எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததே, அந்த ஜெர்மன் கப்பல். இன்றும் நம் ஆட்கள் கில்லாடியான ஆளை "சரியான எம்டன்" என்பது அதனால்தான். அதே கப்பல் அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், நான்காவதாகப் போலி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல் மாதிரி வந்தது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கைச் சுட்டு மூழ்கடித்துவிட்டது. ரஷ்யக் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். கிட்டத்தட்ட 90 மாலுமிகள் போய்விட்டார்கள். திரும்பிப் போகிற வழியில் மஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் முடித்துவிட்டுப் போயிற்று. அந்த ரஷ்ய மாலுமிகளுக்கு ஜாலான் உத்தாமா கிறிஸ்தவக் கல்லறையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி இறங்கினால் போதும். சென்னைக்காரனைக் கிராமத்துக்கு ஓட வைத்த கப்பல் இங்கே என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. வாத்தியாருக்கே புதிதாக இருக்கலாம்.

இன்னொன்று புலாவ் ஜெரஜாக். பினாங்குப் பாலத்தில் வரும்போது தெற்கே பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும், அதுதான். தொழுநோயாளிகளை 1860-களில் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் கப்பலில் வருகிறவர்களைத் தனிமைப்படுத்தும் முகாம். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், உல்லாச விடுதி.

நமக்கு அந்த முகாம்தான் முக்கியம். நாகப்பட்டினத்திலிருந்து மேல்தட்டில் பாய் விரித்து வந்த நம் ஆட்களை நேரே ஊருக்குள் விடவில்லை. அம்மை, வாந்திபேதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். மலாயாவில் முதலில் கால் வைத்த இடம் எது என்று கேட்டால் பினாங்கு என்று சொல்லமாட்டார், ஜெரஜாக் என்பார். துணியையெல்லாம் வாங்கி ஆவியில் போட்டார்களாம். கல்யாணச் சேலை சாயம் இறங்கித் திரும்பி வந்தது. தோட்டத்து வெயிலையும் கங்காணியையும்கூட மன்னித்தார், அந்தச் சேலையை விடவில்லை. தீவுக்குப் போக வேண்டும் என்றில்லை. பாயான் லெப்பாஸ் போகிற வழியில் குவீன்ஸ்பே கடற்கரையில் நின்றால் எதிரே தெரியும். சித்தப்பா குடும்பத்திலும் யாராவது அக்கரைச் சீமைக்கு வந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

செந்தூல்காரி:

சித்தப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவருடைய தாத்தாவின் அண்ணன் பினாங்கில் கணக்கப்பிள்ளையாக இருந்தாராம், இத்தனை வருடம் எங்களிடம் சொல்லவே இல்லை! எம்டனும் ஜெரஜாக்கும் கட்டாயம் என்று உத்தரவு வந்துவிட்டது. அவருக்கு முழங்கால் வலி, ரொம்ப நடக்க முடியாது. காரை எங்கே நிறுத்துவது?

துறைமுகத்தார்:

முதல் நாள் காரை ஊருக்குள் கொண்டுவராதீர்கள். பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலில் நிறுத்திவிட்டு ஃபெரி ஏறுங்கள். இப்போது ஓடுகிற புதிய ஃபெரியில் கார் ஏறாது, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான், அது உங்களுக்கு வசதி. வருகிற வழியில் கடலிலிருந்தே அந்த வெள்ளைக் கட்டடத்தையும் கடிகாரக் கோபுரத்தையும் தேடச் சொல்லுங்கள், அந்தக் காலத்துப் பயணி அப்படித்தான் பார்த்திருப்பான். இறங்கி வெல்ட் கீயோடு கொஞ்ச தூரம் நடந்தால் விஸ்மா கஸ்தம். அங்கிருந்து மணிக்கூண்டும் கோட்டையும் பக்கம். முழங்கால் மக்கர் பண்ணினால் திரிசா (சைக்கிள் ரிக்‌ஷா) பிடித்துவிடுங்கள், ஏறுவதற்கு முன்னால் விலை பேசிக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் வாருங்கள், பத்து மணிக்கு மேல் கோட்டைக்குள் நிழலே கிடையாது. கல்லறைக்கும் குவீன்ஸ்பேக்கும் மறுநாள் காரோடு பாலம் வழியாக வாருங்கள்.

சூலியா தெரு:

அக்கா, திரிசாவில் வந்தால் தர்கா முனையில் இறக்கிவிடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மதியத்துக்கு வராதீர்கள், தொழுகைக் கூட்டம், திரிசா நகராது. நாசி கண்டார் கடைப் பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன். துறைமுகத்தார் அண்ணன் வேறு பெயர் அனுப்புவார், நம்பாதீர்கள்.